உன் முதுகில் அவருடைய பெயர் வேண்டாம்

அன்றைக்கு அந்தப் பொலிஸ் நிலையத்து முன்னறையில் யார் யார் நின்றார்கள் என்று கேட்டால், நின்ற இடத்தோடு சொல்லுவேன். வாசலோரம், சைக்கிள் ஓடின அரைக் காற்சட்டையோடு கொட்டாஞ்சேனை அன்ரன். அவனுக்குப் பக்கத்தில், உங்களோடு ஓடின சிங்களப் பொடியன் நிமால். மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். அவருடைய பெயர் சட்டையில் சிங்களத்தில் குத்தியிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு இருந்தது. மூலையில் ரைப்ரைட்டருக்கு முன்னால், தின்றுகொண்டிருந்த மாலுபாணை, அந்த மீன் பணிஸைப் பாதியில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொலிஸ்காரி. மேசைக்கு இந்தப் பக்கம், இருந்த ஒரே கதிரையில், செல்லத்துரை மாஸ்டர். உன் மச்சாள் சுகந்தியைத் தன் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தவர், சமாதான நீதவான். அவர் தோளுக்குப் பின்னால் சுகந்தியின் தகப்பன், உன் மாமா, என் ஒரே அண்ணன். அண்ணனுக்குப் பின்னால் நான். உள் நடையில், கம்பிக்கு அப்பால், வாங்கில் நீ. எங்களைப் பார்க்க உன்னால் முடிந்தது. நாங்கள் கதைத்தது உனக்குக் கேட்கவில்லை. அது கேட்காததை வைத்துத்தான் இத்தனை வருஷமும் எல்லோரும் பிழைத்துக்கொண்டோம், நானும் சேர்த்து.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கனடாவிலிருந்து ரெலிபோன் எடுத்தாய். "அம்மா, இங்கை கான்சருக்குக் காசு சேர்க்கிற சைக்கிள் ஓட்டம் ஒண்டு. ஓடுற ஒவ்வொருத்தரும் முதுகிலை ஒரு ஆளின்ரை பேரைக் குத்திக்கொண்டு ஓடுவினம். நான் மாமான்ரை பேரைக் குத்தப் போறன். சுகந்தி அழுது கேட்டவள். மாமான்ரை முழுப்பேர் என்னண்டு சரியாச் சொல்லுங்கோ, ஒரு நல்ல படமும் அனுப்புங்கோ" என்றாய். லைன் கிளியராக இல்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் சின்னவள் பின்னால் நின்று தண்ணீர் கேட்டதுகூட எனக்குக் கேட்டது. தம்பி முகுந்தன், நான் படம் அனுப்ப மாட்டேன். ஏன் என்று சொல்ல எனக்குக் கடதாசிதான் வேண்டும். ரெலிபோனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் புகுந்து, "விடுங்கோ அம்மா, பழைய கதை" என்பாய். கடதாசிக்குள் நீ புக முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழையைப் பார்க்காமல் சொன்னதைப் பார்.

உன் அப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. புறக்கோட்டையில் உன் மாமாவின் புடைவைக் கடையில் நின்று சீலை விரித்துக் காட்டுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்கக் கதைக்கிற வேலை. குரல் கரகரத்தபோது தூசி என்றார்கள், பிறகு சளித் தடிமன் என்றார்கள், பிறகு வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எட்டு மாதம் போனோம். நீ வேலைக்கும் படிப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். போய் வந்தது நான். எனக்கு அப்போது தெரிந்த சிங்களம் மரக்கறிக்காரனிடம் விலை குறைக்கிற அளவுதான். அதற்கு மேல் நான் சரியாகப் படித்த ஒரே சொல் அந்த நோயின் பெயர், பிளிக்கா. வாசல் காவல்காரன் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வழி காட்டுவான், துண்டு எழுதுகிறவன் சொல்லுவான், பக்கத்துக் கட்டில் மனுஷி தன் வயிற்றைத் தொட்டுச் சொல்லுவாள். நானும் கழுத்தைத் தொட்டுச் சொல்லுவேன். அங்கே அது வெட்கப்படுகிற சொல்லாக இருக்கவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தால் அதைச் சொல்லக் கூடாது. அது உன் மாமா போட்ட சட்டம். உன் அப்பா எனக்கு மாமி மகன், சொந்தத்துக்குள் கட்டினது. அவருக்கு வந்தது எங்கள் எல்லோருடைய இரத்தத்திலும் ஓடுவதாகத்தான் சனம் நினைக்கும் என்றார். "தங்கச்சி, ஆர் கேட்டாலும் ஹார்ட் வருத்தம் எண்டு சொல்லு. சுகந்திக்குக் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கப் போகுது. நாளைக்கு முகுந்தனுக்கும் ஒரு பொம்பிளை எடுக்கத்தானே வேணும்?" நான் கேட்டேன், "தொண்டையிலை குழாய் போட்டுக் கிடக்கிற மனிசனை ஹார்ட் எண்டு சொன்னா ஆர் அண்ணை நம்புவினம்?" "ஆக்களை உள்ளுக்கு எடுக்காதை" என்றார். எடுக்கவில்லை. கடையில் அப்பாவோடு பதினாறு வருஷம் நின்ற சாகிப் அண்ணன் தோடம்பழப் பையோடு வந்தபோது, நான் கதவைப் பாதி திறந்து, "நித்திரையாப் போனார்" என்றேன். உள்ளே உன் அப்பா, நித்திரை இல்லை என்று சொல்ல, கரண்டியால் கட்டில் காலைத் தட்டிக்கொண்டிருந்தார். சாகிப் அண்ணனுக்கும் அது கேட்டது. பையைக் கையில் தந்துவிட்டுப் படி இறங்கினார். அந்தச் சத்தத்தை உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அது மாமாவின் சட்டம் என்றாலும் கதவைப் பிடித்த கை என்னுடையது.

அப்பா வீட்டிலேயே போனார். மாமாவுக்குத் தெரிந்த ஒரு டொக்டர் ஹார்ட் என்று எழுதித் தந்தார், மரணப் பதிவிலும் அதுவே ஏறியது, பத்திரிகை அறிவித்தலில் "திடீரென" என்று போட்டார்கள். எட்டு மாதம் நொந்து செத்த மனிதன் திடீரெனக் காலமானார். ஆஸ்பத்திரிக் கொப்பி, துண்டுகள் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். மண்ணெண்ணெய் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்து எரித்தேன். ஒன்றையாவது ஒளித்து வைக்க எனக்குப் புத்தி வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நீ பம்பலப்பிட்டியில் புது வேலைக்குச் சேர்ந்தாய். அங்கேதான் அன்ரன் உனக்குச் சிநேகிதம். அவர்களுடைய கொட்டாஞ்சேனைக் கோயிலடி இளைஞர் கழகம் கொழும்பிலிருந்து களுத்துறைக்குச் சைக்கிள் ஓடிப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கிறது என்று நீ வந்து சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு கண்டதில்லை. விடியற்காலையில் இரண்டு பேரும் காலிவீதியில் பழகப் போவீர்கள். தமிழ்ப் பொடியன் சைக்கிளில் வேகமாகப் போனாலே மறித்து அடையாள அட்டை, பொலிஸ் பதிவு என்று கேட்கிற காலம். நீ மெதுவாகப் போய்ப் பழகினாய். அன்ரன், தன் தகப்பன் துறைமுக வேலைக்குக் கொண்டுபோகிற பாரச் சைக்கிளில் வருவான். வந்து என் சமையலறையில் நின்று இடியப்பம் தின்றபடி, "ஆன்ரி, உங்கட மகன் சைக்கிள் ஓடுறதில்ல, சைக்கிள்தான் இவன ஓட்டுது" என்பான். நீ அவன் தட்டிலிருந்து சம்பலை அள்ளுவாய். அந்த வீட்டில் திரும்பவும் சிரிப்புக் கேட்டது அந்த இரண்டு மாதம்தான்.

காசு சேர்க்கிற தாளைக் கொண்டுவந்து தந்தாய். மூன்று மொழியில் அச்சடித்த தாள், நம்பர் போட்டது, தலைப்பில் நோயின் பெயர் பெரிய எழுத்தில். "அம்மா, நான் தட்டினா ஒருத்தரும் கதவு திறக்கினமில்லை, நீங்கள் போனாத் திறப்பினம்" என்றாய். அது உண்மை. அந்தக் காலத்தில் ஒரு இளம் பொடியனுக்குக் கதவு திறக்க யாருக்குத் துணிவு? நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தலைப்போடு மாடி மாடியாக ஏறினால், "இவையின்ரை வீட்டிலை ஆருக்கு?" என்று கேட்பார்கள் என்று எனக்குப் பயம். தாளை மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டு, மூலைக்கடையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கினேன். தலைப்பு ஒன்றும் போடாமல், தமிழில், பெயரும் வீட்டு நம்பரும் தந்த காசும் என் கோணல் எழுத்தில் எழுதினேன். ஓட்டம் முடிய நீ தாளில் பார்த்து எழுதலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாடிப் பரிமளம் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டாள்: "என்னத்துக்குக் காசு, மச்சாள்?" "ஆஸ்பத்திரிக்கு." "எந்த ஆஸ்பத்திரி?" "ஆஸ்பத்திரி எண்டா ஆஸ்பத்திரிதானே, அதிலை என்ன எந்த?" "இல்லை, என்ன வருத்தக்காரருக்கு எண்டு கேட்டன்." "எல்லா வருத்தக்காரருக்கும்தான். தாறதெண்டாத் தாரும், இல்லாட்டிக் கதவைச் சாத்தும்." தந்தாள். தந்துவிட்டு, "பேரை வடிவா எழுதும், உம்மடை எழுத்து கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு" என்றாள். இருபத்தெட்டு வீட்டில் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு. எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள், அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஓட்டத்தன்று காலையில் நீ வெள்ளைப் பெனியனின் முதுகில் ஒரு துணித்துண்டைத் தைத்து வைத்திருந்தாய். அப்பாவின் பெயர். நீயே ஊசி பிடித்துத் தைத்தது, தையல் எல்லாம் கோணல். காலிவீதியால், எங்கள் ஒழுங்கை முகப்பைக் கடந்து, எங்களை அறிந்த சனமெல்லாம் பார்க்க நீ அதோடு ஓடப்போகிறாய். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். "அம்மா, அப்பா தானே" என்று மட்டும் சொன்னாய். நான் தையலை வெட்டி உரித்தேன். நீ குனிந்து நின்று வெட்டவிட்டாய். கொப்பியையும் காசையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி உன் முதுகுப் பைக்குள் நான்தான் வைத்தேன்.

களுத்துறைக்கு இப்பால் ஒரு பாலத்தடியில் சோதனைச் சாவடி. முப்பது பேர் ஓடினீர்கள், அதில் பை திறந்து பார்த்தது தமிழ்ப் பெயர்க்காரருடையது மட்டும். தலைப்பில்லாத கொப்பி, வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளின் வரிசை, பக்கத்தில் காசு. உன்னிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "புலிக்கா?" என்பதுதான் என்று அன்ரன் சொன்னான். மத்தியானத்துக்குள் வெள்ளவத்தையில் பொலிஸ் ஆட்கள் வந்து பரிமளத்தின் கதவைத் தட்டினார்கள். அவள், "ஆஸ்பத்திரிக்கு எண்டு சொன்னவ" என்றாள். எந்த ஆஸ்பத்திரி? தெரியாது. பெயர் சொல்லாத ஆஸ்பத்திரி என்றால் அது வன்னிக்காட்டுக்குள் காயப்பட்ட இயக்கப் பொடியளுக்கு என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். பரிமளத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. அவள் ஒரு நாள் என் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தினாள், நான் இன்றுவரை அவளோடு கதைப்பதில்லை. ஆனால் அவள் சொன்னது நான் சொல்லிக்கொடுத்ததைத்தான். அதனால் அவள் வேறு கணக்கு.

அன்ரன் வந்து சொன்னதும் நான் புறக்கோட்டைக் கடைக்கு ஓடினேன். உன் மாமா கடையைப் பாதியில் விட்டு எழுந்தார். அதை நான் மறைக்க மாட்டேன், எழுந்தார். "பயப்படாதை, செல்லத்துரை மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போவம். சமாதான நீதவான், இங்கிலீசிலை கதைச்சா பொலிசு கதிரை போட்டுக் குடுக்கும்" என்றார். சம்பந்தி ஆகப்போகிற மனிதரின் உதவியை இரந்து போனோம். கதிரையும் போட்டுக் கொடுத்தார்கள்.

மாஸ்டர் இங்கிலீசில் கதைத்தார், இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். கழகத்தின் ஓட்டம் உண்மை, அதை நடத்துகிற கோயில் பாதிரியாரும் ரெலிபோனில் சொல்லிவிட்டார், ஆனால் கழகத்துத் தாள் வேறு, இந்தக் கொப்பி வேறு, இந்தப் பொடியன் ஓட்டத்துக்குள் ஒளித்துக்கொண்டு வேறு காசு சேர்த்திருக்கிறான் என்பது இன்ஸ்பெக்டருடைய கதை; அங்கே இங்கிலீசிலும் சிங்களத்திலும் கதைத்ததை அன்ரன்தான் பிறகு எனக்கு விளக்கினான். பிறகு கொப்பியைத் தூக்கிப் பிடித்துச் சிங்களத்தில் யார் எழுதியது என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். ஏன் தலைப்பில்லை? அண்ணனுக்கு முப்பது வருஷப் புறக்கோட்டைச் சிங்களம். நான் அவருடைய கையைப் பிடித்துச் சொன்னேன்: "அண்ணை, அந்தப் பேரை எழுத எனக்கு மனம் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. இவன்ரை தகப்பன் அதிலைதான் செத்தவர், அதாலைதான் பொடியன் ஓடினவன் எண்டு சொல்லுங்கோ."

அண்ணன் மாஸ்டருடைய பிடரியைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து நிறையக் கதைத்தார். நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதம் எனக்குப் பழகின சொல். அது வரவில்லை. கடைசியில் "ஹார்ட் அட்டாக்" என்று வந்தது. இன்ஸ்பெக்டர் கொப்பியைக் கீழே வைத்தார். அப்போது வாசலில் நின்ற நிமால் பொறுக்கமாட்டாமல் முன்னுக்கு வந்தான். "இல்லை சேர், இவன் எங்களுக்குத் தகப்பனுக்குப் பிளிக்கா என்றுதான் சொன்னவன்" என்று சிங்களத்தில் சொன்னான். அந்தப் பிள்ளை உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பார்த்தாயா, உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறான்" என்றார். பிறகு எல்லோரையும் தள்ளிவிட்டு நேரே என்னைக் கேட்டார்: "அம்மே, ஹார்ட்? பிளிக்கா?"

இரண்டு சொல். இரண்டும் எனக்குத் தெரியும். ஒன்றைச் சொன்னால் போதும். அண்ணன் என் காதடியில் தமிழில் சொன்னார்: "மாறிச் சொல்லாதை. ரெண்டு கதை வந்தாப் பொடியனைப் போட்டு அடிப்பாங்கள். நான் பாத்துக்கொள்ளுறன்." நான் உன்னைப் பார்த்தேன். நீ கம்பிக்கு அப்பாலிருந்து, அம்மா வந்துவிட்டா என்ற நம்பிக்கையோடு என்னைப் பார்த்தாய். நான், "ஹார்ட்" என்றேன்.

இதுதான் உனக்குத் தெரியாதது. மாமாதான் அலைந்து திரிந்து உன்னை எடுத்தவர் என்று நீ உன் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாய். வெளியே வந்ததும் அண்ணன் மாஸ்டருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். மாஸ்டர் ஏறும்போது, "பாவம், ஹார்ட் எண்டா வலி தெரியாமல் போயிருப்பார்" என்றார். அண்ணன், "ஓம், ஓம், சுகமான சாவு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கியது. உன்னை அடிப்பார்கள் என்று என் காதில் சொன்னது உனக்காக அல்ல, சுகந்தியின் கலியாணத்துக்காக.

அடுத்த நாள் காலையில் அன்ரனைக் கூட்டிக்கொண்டு தனியே போனேன். யாரும் கேட்கமுதலே அந்தச் சொல்லைச் சொன்னேன், கழுத்தைத் தொட்டுக் காட்டினேன், அழுதேன். இன்ஸ்பெக்டர், "நேற்று ஹார்ட், இன்றைக்குப் பிளிக்கா, நாளைக்கு என்ன கொண்டு வருவாய் அம்மே?" என்றார். நீ அங்கே இல்லை. விடிய முன்னரே வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏழு மாதம், தம்பி. உன் வலது கையின் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. சைக்கிள் பிரேக்கை நீ எப்படிப் பிடிக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன்னை எடுத்தது உன் மாமா வழக்குப் பேச வைத்த அப்புக்காத்து அல்ல. அவருக்குக் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டியிருந்தது, அதை நான் எரித்துவிட்டிருந்தேன். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பழைய துண்டுகள் அடுக்கி வைக்கிற அறைக்கு நான் கிழமையில் மூன்று நாள் போனேன். அங்கே சோமா என்று ஒரு சிங்கள மனுஷி, ஓய்வுபெற இன்னும் சில மாதம்தான் இருந்தது அவளுக்கு. என் சிங்களத்தை அவள் பொறுத்துக்கொண்டாள். தூசிக்குள் குந்தியிருந்து, கட்டுக் கட்டாக அவிழ்த்து, ஐந்தாம் மாதம் உன் அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்தாள். அதைக் கையில் தந்தபோது, "இதை ஏன் அம்மே முதலே சொல்லவில்லை?" என்றாள். நீ இந்தக் குடும்பத்தில் யாருக்காவது கடன்பட்டிருந்தால், அது இந்தக் குடும்பத்தில் இல்லாத அந்த மனுஷிக்கு.

நீ உள்ளே இருந்த நாலாம் மாதம் சுகந்திக்குக் கலியாணம் நடந்தது. உன்னைக் கேட்டவர்களுக்கு நீ வெளிநாடு போய்விட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். நான் மண்டபத்தில் ஓரமாக நின்று அதையும் சொன்னேன். மாஸ்டர் வீட்டுக்கு அடுத்த வருஷமே எல்லாம் தெரியவந்தது. ஒருவரும் ஒன்றையும் குலைக்கவில்லை. பேரப்பிள்ளை பிறக்க இருந்தது, அவர்கள் அதில் மும்முரமாக இருந்தார்கள்.

இப்போது உன் மாமாவுக்குக் குடலில் அதே வருத்தம். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சூப் வடித்துக் கொண்டுபோகிறேன். காலிவீதிச் சாவடியில் பொடியன்கள் என் தூக்குச்சட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். நான் அவருக்குச் சூப் கொடுக்கிறேன், வாயைத் துடைத்துவிடுகிறேன், அது உடன்பிறந்த கடமை. போன மாதம் ஒரு நாள் அவர் என் கையைப் பிடித்து, "தங்கச்சி, அண்டைக்கு நான் உள்ளதைச் சொல்லியிருந்தாலும் அவங்கள் விட்டிருக்க மாட்டாங்கள்" என்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பிறகு இன்னொரு வசனம் வரும் என்று. வரவில்லை. "சூப் ஆறுது அண்ணை" என்றேன். வாசலில் சுகந்தி, பார்க்க வந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்பாவுக்கு ஹார்ட் கொஞ்சம் வீக்." இவள்தான் உனக்கு அழுது கேட்டவள். ஒருவரும் அறியாத கனடாத் தெருவில் தகப்பனின் பெயர் கான்சர் என்று ஓடலாம். வெள்ளவத்தையில் ஓடக் கூடாது.

உன்னையும் விட்டுவிட மாட்டேன். ஓடப்போகிறேன் என்றாய், சந்தோஷம். முதலில் உன் முதுகில் வரவேண்டியது அப்பாவின் பெயர் அல்லவா? ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வாசுகி வீட்டாருக்கு நாங்கள் ஹார்ட் என்று சொல்லித்தான் அவளை உனக்குப் பொம்பிளை எடுத்தோம். பதினொரு வருஷமாக நீயும் அதைத் திருத்தவில்லை. என்ன வருத்தம் குடும்பத்தில் என்று டொக்டர்மார் அங்கே கேட்பார்களாம், உன் பிள்ளைகளுக்காக வாசுகி என்ன எழுதிக் கொடுக்கிறாள்? இன்றைக்கே அவளை இருத்திச் சொல்லு. அவள் கோபிப்பாள், கோபிக்கட்டும், உன் அம்மாதான் மறைத்தது என்று சொல்லு. அது உண்மையும்தான். பிள்ளைகளுக்கும் சொல்லு, அவர்களுடைய அப்பப்பா சீலை விரித்துக் காட்டினவர், நன்றாகக் கதைப்பவர், தொண்டையில் புற்றுநோய் வந்து செத்தவர் என்று. ஒரு சொல்லைச் சொல்லப் பழக்காமல் பிள்ளையை வளர்த்தால், அது தேவைப்படுகிற இடத்தில் வாயில் வராது. எனக்கு வராமல் போனதை நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

என் பங்கு என்னுடையது. கதவைப் பாதி திறந்தது, தாளை எரித்தது, தையலை வெட்டியது, "ஹார்ட்" என்றது எல்லாம் நான். அதற்கு நீ என்னை மன்னிப்பதும் விடுவதும் உன் பாடு; நான் கேட்கவில்லை. ஆனால் நான் அடுத்த நாளே போய் மாற்றிச் சொன்னேன், ஏழு மாதம் மாற்றி மாற்றிச் சொன்னேன், இன்றைக்கு உனக்கும் எழுதிவிட்டேன். உன் மாமாவுக்கு ஒரு வசனம் போதுமாயிருந்தது, இன்னும் மூச்சு இருக்கிறது, இன்னும் சொல்லவில்லை. உன் முதுகு உன்னுடையது, யாருடைய பெயரையும் குத்திக்கொண்டு ஓடு. இன்ஸ்பெக்டரை நான் மன்னித்துவிட்டேன், அவர் எனக்கு யாரும் இல்லை. பரிமளத்தைக்கூட ஒரு நாள் விட்டுவிடுவேன். தமையனின் பெயரைத் தங்கச்சி வாயால் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை. முழுப்பெயர் கேட்டாய், எழுதுகிறேன். நான் சாகும்வரை மன்னிக்காத ஒரே மனிதன்: சின்னத்தம்பி நாகேந்திரம்.